கறுப்பு வெள்ளையில் ஒரு அறுபதாம் கல்யாணம்

கடவுள் உலகத்தைப் படைத்த அன்று மோடு அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தால், "கலர் மோடு என்னன்னு பாத்தீகளா?" என்று கேட்டே வேலையை நிறுத்தியிருப்பார். நாமெல்லாம் பிறந்திருக்க மாட்டோம். பிறந்திருந்தாலும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்திருப்போம்.

காரைக்குடி செக்காலையில், ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அவருடைய டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, பேனர், விற்காத என் புத்தகங்களின் அட்டை எல்லாம் அங்கேதான் தயாராகும். மற்ற கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் பளபளவென்று காட்டி ஆர்டரைப் பிடிப்பார்கள். அண்ணன் முதல் காரியமாக அச்சுக்கான மோடுக்கு மாற்றிவிடுவார். அந்த நிமிடமே படத்தின் முகம் வாடிவிடும்.

"என்னண்ணே, கிளிப்பச்சை கேட்டா கிளிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி காட்டுறீக?" என்றார் காதுகுத்துப் பேனருக்கு வந்த ஒருவர்.

"அச்சுல இப்படித்தேன் வரும். இப்பவே அழுதுட்டுப் போயிருங்க. விசேஷத்தன்னைக்கு அழுதா நல்லாருக்காது."

அவர் அழவில்லை. எழுந்து அங்குட்டு இருந்த இன்னொரு டிசைன் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கும் பாடம் நடத்தினார். திரையில் தெரிவது வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தால் வெள்ளை. காகிதத்தில் விழுவது மை. அதில் எல்லாவற்றையும் சேர்த்தால் கறுப்பு.

"அப்ப எதுண்ணே நெசம்?"

"ரெண்டும் நெசம். ஒண்ணை இன்னொண்ணுன்னு நம்புனீகன்னாத்தான் வம்பு."

வேதாந்தம் படித்தபோதும் எனக்கு இதே இடத்தில்தான் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து பேரனின் வாட்டர் கலரைக் கலந்து பார்த்தேன். வெள்ளையும் வரவில்லை, கறுப்பும் வரவில்லை. ஊறவைத்த புளியின் நிறத்தில் ஏதோ வந்தது. "எழுத்து வரலைன்னதும் படம் வரையக் கிளம்பிட்டீகளாக்கும்" என்றாள் மனைவி.

அவளுடைய அண்ணன், பள்ளத்தூர் மச்சான், நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியிருந்த நேரம். மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்ற நம்பிக்கை அவருக்கு வரவேண்டும். அதற்காகவே அறுபதாம் கல்யாணத்தைப் பெரிதாக வைத்தார்கள். தெருமுனையில் அவர் கைகூப்பி நிற்பதுபோல் பேனர். "தெருவுல நிக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்று மச்சான் மனைவி மறுத்துவிட்டதால் படத்தில் மச்சான் மட்டும். பேனர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அதை மோடு அண்ணன் தலையில் இறக்கினேன்.

படத்தில் மச்சான் போட்டிருந்தது பட்டுச் சட்டை. மோடு அண்ணன் போனில் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, மாம்பழ மஞ்சள் வெளுத்துவிட்டது என்றார் மச்சான் மனைவி. சென்னையில் இருக்கும் மகளின் போனில் அது பச்சையாகத் தெரிந்ததாம். என் போனில் பழுப்பு. மாற்றி அனுப்ப, சண்டையும் நிறம் மாறியது. கடைசியில் அண்ணன் கைகளை உயரத் தூக்கினார்.

"கலர் இருந்தாத்தானய்யா சண்டை?"

மவுஸில் ஒரு தட்டு. கிரேஸ்கேல் மோடு. மச்சான் கறுப்பு வெள்ளையாகிவிட்டார். எனக்கும் பிடித்துவிட்டது. நாலு புத்தகம் படித்தவனுக்குக் கறுப்பு வெள்ளை என்றால் தலை தானாக ஆடும். "கிளாஸா இருக்குண்ணே" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கைகூப்பிய ஒரு ஆள் தெருமுனைப் பேனரில் கறுப்பு வெள்ளையாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அன்று இரவே பேனர் தெருமுனையில் ஏறியது. மறுநாள் காலை, கோவிலூர்ச் சித்தி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேனரைப் பார்த்திருக்கிறார். 'அன்புடன் அழைக்கிறோம்' என்பதையெல்லாம் யார் நின்று படிப்பது? மாலையும் கையுமாக, "நேத்துக்கூடப் போன்ல பேசினியேப்பா!" என்று அலறிக்கொண்டே வாசலேறினார். காப்பி குடித்துக்கொண்டிருந்த மச்சான் எழுந்து, "வாங்க சித்தி" என்றார். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் மச்சான் தெருமுனைக்கு நடந்தார். தன் படத்துக்கு எதிரில் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. அவரும் கிரேஸ்கேலுக்குப் போய்க்கொண்டிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை எந்த மோடிலும் அடங்காதது.

நான் போன் போட்ட வேகத்தில் மோடு அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பெயிண்ட் டப்பாக்கள். யாரிடமும் எதுவும் கேட்காமல் பந்தல்காரரின் ஏணியைச் சாய்த்து ஏறினார். நெற்றியில் தட்டு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. சட்டைக்கு மஞ்சள், அது வழிந்து வேட்டிவரை ஓடியது. உதட்டுக்கு ஒரு சிவப்பு. மச்சான் இப்போது உயிரோடு இருந்தார். ஆனால் நாடக வேஷத்தில் இருந்தார்.

மச்சான் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அண்ணே, பூசுறதுதான் பூசுறீக. அந்த மீசை நரையையும் கொஞ்சம் கறுப்பாக்கி விடுங்க."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தையல் போட்ட நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சான் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என்ன மோடுண்ணே?" என்று நான் மேலே பார்த்துக் கேட்டேன்.

"தெரியலைய்யா. பேசாம ஏணியப் பிடி. கால் நடுங்குது."

ஒரு கையில் ஏணியும் மறு கையில் போனுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் விழுந்துவிட்டால், எனக்குப் புரியாததை இத்தனை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?