ஏழு மணிக்குக் கையெழுத்து, நாலரைக்கு ஓட்டம்

கொரியாவில் எங்கள் குன்சான் துறைமுகத்துப் பக்கம் ஒரு வகைத் தாய்மார் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். மாலை நாலரை மணிக்குக் குழந்தைகள் காப்பகத்து வாசலில் மூச்சு வாங்க நின்று, கதவு திறக்கும் முன்பே இடுப்பை வளைத்து, "மன்னிச்சுக்கோங்க டீச்சர், லேட் பண்ணிட்டேன்" என்று சொல்பவர் எவரோ, அவரே.

மன்னிப்பு எதற்கு? அதைத்தான் நானும் கேட்கிறேன். வருஷ ஆரம்பத்தில் காப்பகத்தோடு பேசி, பிள்ளை மாலை ஏழு மணி வரை இருக்கும் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். அந்த நேரத்துக்குப் பணம் தருவது அரசாங்கம். இவர் கைப்பையைத் திறக்கவே வேண்டாம். இருந்தும் ஓடி வருவார்.

சியுல் என்கிற பையனின் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் பாதி வேலையை மேசையில் போட்டுவிட்டு, மேலதிகாரியின் முகச்சுளிப்பைத் தாண்டி, பேருந்துக்குக்கூடக் காத்திராமல் வருவார். காரணம், வாசலில் இருக்கும் காலணி அலமாரி. மற்ற பிள்ளைகளுடையதெல்லாம் போன பிறகு தன் பிள்ளையின் காலணி மட்டும் தனியே கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இவர் ஐந்துக்கு வந்தால் அடுத்தவர் நாலே முக்காலுக்கு. அதைப் பார்த்து இன்னொருவர் நாலரைக்கு. இப்படியே போனால் காலையில் கொண்டுவிட்ட கையோடு திருப்பிக் கூட்டிப்போய்விடுவார்கள்.

சரி, கூட்டிப்போன பிள்ளையை என்ன செய்வார்? அலுவலக வேலைதான் முடியவில்லையே! டேக்வாண்டோ பள்ளியின் மஞ்சள் வண்டியில் ஏற்றிவிட்டு, அதற்குச் சொந்தக் காசைக் கட்டிவிட்டு, மறுபடி அலுவலகத்துக்கு ஓடுவார். சும்மா கிடைத்தால் கூச்சம். காசு கொடுத்தால் மரியாதை. சியுலுக்கு உதைக்கவும் வராது, குத்தவும் வராது. அங்கே போய்த் தூங்குவான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒப்பந்தம் எத்தனை மணி வரை இருந்தாலும், மாலையில் பிள்ளை உள்ளே இருந்த நேரத்துக்குத்தான் அரசாங்கப் பணம் காப்பகத்துக்கு வரும். பிள்ளை இல்லையா, பணமும் இல்லை. போன இலையுதிர்காலத்தில், மாலை வகுப்பை மூடப்போவதாகக் காப்பகத்துத் தலைவி சொல்லிவிட்டார். அதில் மிஞ்சியிருந்தது நாரே என்கிற ஒரே பெண்குழந்தை. அவள் அம்மாவுக்கு மீன் அப்பத் தொழிற்சாலையில் வேலை. ஆறரைக்கு முன்னால் அங்கே இயந்திரம் நிற்காது. வகுப்பை மூடினால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

ஒரு நாள் அவள் பாதி விடுப்புப் போட்டுவிட்டு, மீன் வாடை மாறாத மேலங்கியோடு நாலரைக்கே வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் ஏழு மணின்னுதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன்மா," என்றார் சியுலின் அம்மா. "ஆனா மிசுக் டீச்சர் பாவமில்லையா? அவங்களும் நேரத்தோட வீட்டுக்குப் போக வேண்டாமா?"

மாலை வகுப்பு மிசுக் டீச்சர் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"நான் வேலைக்கு வர்றதே நாலு மணிக்குத்தாங்க. நீங்க இப்படியே எம்மேல பாவப்பட்டுட்டு இருந்தா, அடுத்த மாசத்துலேருந்து நான் வீட்டுலயே இருந்துட வேண்டியதுதான்."

சியுலின் அம்மாவின் முகம் மிளகாய் விழுதாகச் சிவந்தது. "அப்ப... விட்டுட்டுப் போனா உங்களுக்குத் தொந்தரவு இல்லையா?"

"கூட்டிட்டுப் போறீங்க பாருங்க, அதாங்க தொந்தரவு!"

மறுநாள் சியுலின் அம்மா ஏழு மணிக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி பழச்சாறு. இடுப்பு வளைந்தது. "மன்னிச்சுக்கோங்க டீச்சர், சொன்ன நேரத்துக்கே வந்துட்டேன்."

இந்த ஜென்மங்களை என்ன செய்வது! ஆனால் வகுப்பு தப்பியது. மற்ற தாய்மாரும் ஆறு, ஆறரை என்று தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். சியுலின் அம்மாவுக்கு முன்னால் வந்தால் அவரைக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடுமாம்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்கென்று ஒதுக்கிய எதையாவது, "பரவாயில்லை, எதுக்கு அடுத்தவங்களுக்குச் சிரமம்" என்று போன வாரம் விட்டுக்கொடுத்தீர்களா? பெருமையாகக்கூட இருந்திருக்குமே? அப்படியானால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். யாரும் வருவதில்லை என்று அந்தக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குப் பின்னாலேயே ஒரு நாரேயின் அம்மா ஓடி வந்துகொண்டிருப்பாள்.