லவோனா தீவுக்கு நான் பயந்த கதை

அந்த ஆகஸ்ட் மாதம் நான் பயப்படுவது என்று தீர்மானம் செய்தேன். ஏதோ கொஞ்சம் அல்ல. ஊரே பார்த்து மெச்சும்படி பயப்படுவது.

காரணம் இருந்தது. செப்டம்பரில் லவோனா தீவில் ஒரு வாரம் தங்குவதற்கு என் மனைவி மெர்ல் சீட்டு எடுத்துவிட்டாள். ஓய்வு பெற்றதும் கூட்டிப்போகிறேன் என்று பதினோரு வருடமாக நான் சொல்லி வந்த தீவு. ஓய்வும் பெற்றுவிட்டேன். தப்ப வழியில்லை. சீட்டு எடுத்த மறுவாரம் எங்கள் சங்கத்து பௌல்ஸ் அணி, அதாவது பந்துருட்டு அணி, மாவட்ட இறுதி ஆட்டத்துக்குத் தேறியது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. நாலு பேர் அணி. புல்தரையில் முதல் பந்தை உருட்டுபவன் நான். ஆட்டம், லவோனாவில் நாங்கள் இருக்க வேண்டிய அதே சனிக்கிழமை.

பந்து உருட்டுவதற்காகப் பயணத்தை விடுகிறேன் என்று மெர்லிடம் சொல்லும் வீரம் எனக்கு இல்லை. ஆட்டத்தைப் பற்றி வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்திகள் வந்தன. லவோனாவில் படகு கவிழ்ந்து சுற்றுலாப் பயணிகள் நாலு பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் விடுதியில் கலப்படச் சாராயம் குடித்து எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. நாடே தொலைக்காட்சி முன்னால் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தது. நானும் வைத்தேன். என் நெஞ்சு மட்டும் கொஞ்சம் லேசாக இருந்தது.

அரசாங்கத்தின் பயண அறிவுரைப் பக்கத்தில் லவோனாவுக்கு 'மிகுந்த கவனம் தேவை' என்று போட்டிருந்தார்கள். அது 'போகாதீர்கள்' என்று மாறாதா என்று மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவனைப் போல.

"மெர்ல், படகு கவிழ்ந்து நாலு பேர் போயிட்டாங்க."

"பார்த்தேன். பாவம்."

"நாம போய்த்தான் ஆகணுமா?"

"நாம படகுல போகல, கிளைவ். விமானத்துல போறோம்."

"விமானம் மட்டும் விழாதா?"

"விழுந்தா உனக்கு சன்னல் சீட்டு. நல்லாத் தெரியும்."

அடுத்து, சாராயச் சாவைச் சொல்லிப் பார்த்தேன்.

"குடிக்காம இருந்துட்டுப் போயேன்" என்றாள்.

"விடுமுறைக்குப் போய்க் குடிக்காம இருக்கறதா?"

"அப்ப உனக்குச் சாவு பயம் இல்ல. தாக பயம்."

"விளையாடாதே. நம்ம ஊர்ல இப்படியெல்லாம் நடக்குதா?"

மெர்ல் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "போன ஜனவரியில நம்ம கடற்கரையில, காவல்காரங்க நட்ட எல்லைக் கொடிக்கு அந்தாண்ட நீந்தி ரெண்டு பேர் முழுகிப் போனாங்க. ஞாபகம் இருக்கா? அன்னிக்குச் சாயங்காலம் நீ அதே மணல்ல நின்னு ரொட்டிக்குள்ள சாசேஜ் வெச்சுத் தின்னே. மூணு. கொல்லைப்பக்கம் வந்த பழுப்புப் பாம்புக்கு, கடிச்சா ஆள் பொழைக்காத பாம்புக்கு, பேர்கூட வெச்சே. தூரத்துச் சாவுன்னாத்தான் உனக்கு நடுங்குமா?"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். செத்துப்போன பெண்ணின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் மெர்ல் பார்க்கட்டும் என்று. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற முகம். நானும் அவளைச் சுட்டிக்காட்டிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் மெர்ல் கேட்டாள். "இவ பேரு என்ன?"

நான் படத்தைப் பார்த்தேன். பெயர் இருந்த வரியைக் கத்தரித்துத் தள்ளியிருந்தேன்.

"பிரயோனி" என்றாள் மெர்ல். "அவங்க அம்மாவுக்கு நேத்து ஒரு கடிதாசி போட்டேன். இத்தனை தரம் காட்டினியே, உனக்குப் பேர்கூடத் தெரியல." படத்தை நோகாமல் எடுத்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு மனிதனாக இருந்திருந்தால் மூடியிருப்பேன். ஆனால் நான் அணியில் முதல் பந்து உருட்டுபவன்.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "சரி கிளைவ். இவ்வளவு பயந்தா உன் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. நீ இரு. நான் போயிட்டு வரேன்."

"ஐயோ, தனியாவா?" என்றேன். எனக்குள்ளே யாரோ பேண்டு வாசித்தார்கள்.

"தனியாத்தான். செய்தி வந்ததுல பாதி சீட்டு காலி. விலையும் பாதி ஆயிடுச்சு. போன வாரம் வரைக்கும் அழுதுகிட்டிருந்தவங்க எல்லாம் இந்த வாரம் நீச்சல் உடை வாங்கறாங்க."

ஜெயித்தவன் பேசாமல் ஜெயித்துவிட்டுப் போகலாம். எனக்கோ நல்ல கணவன் என்ற பெயரும் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்தில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல். எல்லாரும் இருந்தார்கள். எங்கள் அணித் தலைவன் டெஸ், அவன் மனைவி நோலீன், மற்ற இரண்டு ஆட்டக்காரர்கள், அவர்கள் மனைவிமார். பியர் கோப்பையோடு எழுந்து நின்றேன்.

"மெர்ல் அந்த ஆபத்தான இடத்துக்குத் தனியாப் போறா. நான் தடுத்துப் பார்த்தேன். என் உடம்பு மட்டும் ஒத்துழைச்சா, பெண்டாட்டி பக்கத்துல காவலுக்கு நிக்க மாட்டேனா? உடம்புல தெம்பு இருக்கற எந்த ஆம்பிளையும் அதைத்தான் செய்வான்!"

கைதட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப தெம்பு இருக்கறவன் கூடப் போகணும்கற?" என்றாள் மெர்ல். அவள் மற்ற மூன்று பெண்களோடு மூலை மேசையில் இருந்தாள். நாலு தலைகளும் ஒட்டியிருந்தன.

"போகாதவன் ஆம்பிளையே இல்ல!"

"டெஸ், காதுல விழுந்துதா?" என்றாள் நோலீன்.

டெஸ் ஏனோ தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று குலுக்கலில் எங்கள் வீட்டுக்கு ஆட்டுத் தொடை விழுந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

வியாழக்கிழமை மெர்லுடைய பெட்டியை நானே டாக்சி வரை தூக்கிப் போனேன். இருபது வயதுக்காரன் மாதிரி. அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "ஜாக்கிரதையா இரு" என்றாள். அன்றே வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

சனிக்கிழமை. வானம் நீலம். புல்தரையை மயிரளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். எதிரணியில் நாலு பேரும் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். எங்கள் பக்கம் நான்.

ஒரு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம்; ஒன்றே கால் ஆயிற்று. சங்கச் செயலாளர் ஒரு மடித்த தாளோடு வந்தார். முகம் துக்க வீட்டு முகம்.

டெஸின் கையெழுத்து. 'கிளைவ், போன வாரம் வெள்ளிக்கிழமை நீ பேசியதற்குப் பிறகு நோலீன் லவோனா சீட்டை நீட்டியபோது என்னால் மறுக்க முடியவில்லை. மற்ற இருவர் வீட்டிலும் அதே கதை. உனக்குச் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டார்கள். மூன்று பேரும் காவலுக்குப் போகிறோம். மன்னித்துவிடு, நண்பா.'

மூன்று பேராவது இல்லாவிட்டால் அணி தோற்றதாகக் கணக்கு. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு படிவத்தை நீட்டினார். தோல்விக்குக் கையெழுத்துப் போட்டேன். எதிரணித் தலைவர் என் கையைக் குலுக்கி, "உங்க ஆளுங்க எல்லாம் எங்கே?" என்றார்.

"லவோனாவுல."

"ஐயையோ! அங்கே ரொம்ப ஆபத்தாச்சே?"

பையில் தொலைபேசி அடித்தது. மெர்ல். பின்னால் அலைச் சத்தம், அதற்கும் மேலே டெஸ் சிரிக்கிற சத்தம்.

"கிளைவ், இங்கே எல்லாரும் பத்திரம்" என்றாள். "ஆட்டம் எப்படிப் போச்சு?"