வேண்டாம் அண்ணன் கடையில் ஆன்ட்டிவைரஸ்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் வியாபாரம் எதுவும் நடந்துவிடக் கூடாது என்று காவல் காக்கும் மனிதர் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பலகையில் ஏதோ பெயர் உண்டு, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் ‘வேண்டாம் அண்ணன்’.

பிரிண்டர் கேட்டு வந்தவரிடம், “மாசத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்க?” என்பார்.

“ஒரு ரெண்டு பக்கமுங்க.”

“வேண்டாங்க. அடுத்த சந்துல ஜெராக்ஸ் கடை இருக்குது. நடந்து போனா ஒடம்புக்கும் நல்லது.”

புது கீபோர்டு வாங்க வந்த டியூஷன் வாத்தியாரின் பழைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, உதிர்ந்த பொட்டுக்கடலையைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியவர் அவர்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் ஆன்ட்டிவைரஸ் வாங்கப் போனேன். சும்மா போகவில்லை. பதினொரு ஆன்ட்டிவைரஸ்களை அலசி, எது வேகம், எது மெமரியைத் தின்னும், எதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கலர் கலராக அட்டவணை போட்டு, லேமினேஷனும் செய்துகொண்டு போனேன். எனக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று.

அட்டவணையை வாங்கி டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.

“உன் லேப்டாப்ல வீடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர் இருக்குதே, அது எப்படி வந்துச்சு?”

“பிரெண்டு பென்டிரைவ்ல குடுத்தான்ணா. காசு கட்டாம ஓடற கிராக் வெர்ஷன்.”

“திருடனை நடுவூட்ல ஒக்கார வெச்சு சோறு போட்டுட்டு, வாசலுக்கு எந்தப் பூட்டு நல்லாருக்கும்னு கலர் அடிச்சு எடுத்தாந்திருக்க. வேண்டாம், போ. மொதல்ல அதைத் தூக்கு. கம்ப்யூட்டரோடயே ஒரு காவல் வருதில்ல, அதை ஆன் பண்ணி வை. அப்டேட் ஆவறப்ப நிறுத்தாத. ஒனக்கு அது போதும்.”

“அப்ப பெரியப்பாவுக்குண்ணா?”

“அவரு அதுல என்ன பண்றாரு?”

பெரியப்பா மரவள்ளி விவசாயி. கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரே வேலைதான். ஞாயிறு காலை பத்து மணிக்குத் துபாயிலிருந்து சின்ன மகள் கூப்பிடுவாள். பெரியம்மா பேத்தியைப் பார்ப்பார். பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. செல்போனில் பேத்தி பூசணிக்காய் மாதிரிதான் தெரிவாளாம். பெரிய திரையில்தான் கண், மூக்கு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இரண்டு ஞாயிறாக அந்தத் திரை உறைந்து கிடந்தது. வரும் ஞாயிறு பேத்திக்கு முதல் பிறந்தநாள். “கேக் வெட்டறதப் பாத்துருவேனா கண்ணு?” என்று பெரியம்மா கேட்டதற்கு, “நானாச்சு” என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட வேண்டாம் அண்ணன், ஞாயிறு எட்டு மணிக்கே பெரியப்பா வீட்டு வாசலில் மொபெட்டில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏங்க, நாலு ஆன்ட்டிவைரஸ் இருக்குது?”

பெரியப்பா பெருமையாக விரல் மடக்கினார். “ஒன்னு ஓசூர்ல இருக்கற பெரிய மாப்பிள்ளை போட்டதுங்க தம்பி. இன்னொன்னு சின்ன மாப்பிள்ளை துபாய்ல இருந்து லீவுல வந்தப்ப போட்டது. மூணாவது அதுவா வந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல நாப்பது வைரஸ் இருக்குதுன்னு பொறுப்பா சொல்லுச்சுங்க, பாவம். சரின்னு அமுக்கிட்டேன்.”

“நாலாவது?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நாலாவது நான் போட்டது, அதே பிரெண்டின் பென்டிரைவில் வந்தது.

“ஒரு வூட்டுக்கு நாலு வாட்ச்மேன். ஒருத்தன் தும்முனா மத்த மூணு பேரும் அவனையே திருடன்னு புடிச்சுக்கறான். வூட்டுக்காரரு உள்ள போக வழியில்ல.”

என்னுடையதும், தானாக வந்ததும் முதலில் போயின. மாப்பிள்ளைகள் போட்டதில் கை வைத்ததும் பெரியப்பா பாய்ந்து மவுசைப் பிடித்துக்கொண்டார்.

“அதுல மட்டும் கை வெக்காதீங்க தம்பி! பெரிய மாப்பிள்ளை வந்தா, செருப்பைக் கழட்டறதுக்கு முந்தி அது இருக்குதான்னுதான் பாப்பாரு. அவரு குடுத்த காலண்டரை எடம் மாத்தி மாட்டுனதுக்கே போன பொங்கலுக்கு வரலைங்க.”

மணி ஒன்பது. பெரியம்மா பட்டுப்புடவை கட்டி, திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று.

அப்போது வேண்டாம் அண்ணன், எந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் செய்யாததைச் செய்தார். ஓசூருக்குப் போன் போட்டார்.

“மாப்பிள்ளைங்களா? வணக்கமுங்க. நீங்க போட்டது இத்தினி நாளா தங்கமா ஒழைச்சுதுங்க. இப்ப ஓய்வு குடுக்கலாம்னு. உங்க உத்தரவு கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“துபாய்க்காரர் போட்டதை எடுத்துட்டீங்களா?” ஸ்பீக்கரில் குரல் கறாராக வந்தது.

“அதெப்படீங்க? மூத்தவரு நீங்க இருக்கறப்ப அவரோடதைப் போய் மொதல்ல எடுப்பமா? எதுலயும் மொத மரியாதை உங்களுக்குத்தானுங்க.”

குரல் குழைந்தது. “அப்படீன்னா சரிங்க. எடுங்க.”

மூத்தவருடையது போய்விட்டது என்று தெரிந்ததும் துபாயும் மறுபேச்சின்றிச் சம்மதித்தது. இரண்டு ரீஸ்டார்ட். கம்ப்யூட்டர் மூச்சு விட்டு எழுந்தது. கூடவே பிறந்த காவலை ஆன் செய்தார். ஒரு தாளில் கொட்டை எழுத்தில் ‘கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் வேண்டாம்’ என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். பெரியப்பாவை மூன்று முறை ஒப்பிக்கவும் வைத்தார்.

“அதுவா வந்து எது கேட்டாலும்?”

“வேண்டாமுங்க!”

பத்து மணி. திரையில் மணியடித்தது. சின்ன மகள் பெயர். கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.

“கேக்குது தம்பி, கேக்குது!” என்ற பெரியப்பா, கம்பீரமாகச் சிவப்பை அமுக்கினார். துபாய் மறைந்தது.

“அட பாவி மனுசா!” என்று பெரியம்மா எழுந்தேவிட்டார்.

மறுபடி மணியடித்தது. பெரியப்பா தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அம்புக்குறி மீண்டும் சிவப்பை நோக்கி நகர்ந்தது.

“வேணும்!”

அலறியது வேண்டாம் அண்ணன். “வேணுமுங்க! பச்சை! பச்சையை அமுக்குங்க!”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். திரையில் பேத்தி, மூக்கெல்லாம் கிரீமோடு வந்தாள். “மூக்கு தெரியுது, மூக்கு தெரியுது” என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற வேண்டாம் அண்ணன், வேலை முடிந்தும் கிளம்பவில்லை. பாயசம் கொடுத்தபோது “வேண்டாங்க” என்றபடியே இரண்டு டம்ளர் குடித்தார். போகும்போது தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘பேத்தி கூப்பிட்டா மட்டும் பச்சை.’

நான் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தச் சந்துக்குப் போய், எனக்குத் தேவையே இல்லாத எதையாவது விலை கேட்கிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “வேண்டாம், போ” என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது.