விளாங்குடி ஒத்த ஊசிக்காரர்

எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததற்கு மதுரை வெயிலோ டவுன் பஸ்ஸோ காரணமில்லை. விளாங்குடியில் எங்கள் தெருக்கோடியில் அக்குபங்சர் பார்க்கும் ஒத்த ஊசிக்காரர்தான் முழுக் காரணம். அவரைப் போலத் திமிர் பிடித்த வைத்தியர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

எவ்வளவு பெரிய நோய்க்கும் ஒரே ஒரு ஊசிதான். அதைவிடக் கொடுமை, என்ன நோய் என்று நாம் வாயைத் திறக்கக்கூடாது. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பார், எங்கேயாவது குத்துவார், போகச் சொல்லிவிடுவார். வலது முழங்கால் வலி என்று போன எனக்கு இடது கைச் சுண்டுவிரலில் குத்தினார்.

"வலிக்கிறது காலுங்க!"

"நான் கேட்டேனாண்ணே? பேசாம உக்காருங்க. நாடி சொல்லும்."

ஐம்பது வருஷமாக நான் சுமந்து திரிகிற காலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையாம்!

பரம்பரை வைத்தியரா என்றால் அதுவும் இல்லை. சிம்மக்கல்லில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். வீசிங் வந்து, ஊசி வைத்தியத்தில் சரியாகி, அதையே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்து போர்டு மாட்டிவிட்டார். மோட்டார் புத்தி மட்டும் போகவில்லை.

"மோட்டார் சூடானா சுவிட்ச அமத்துறோம்ல? ஒடம்பு சூடானா மட்டும் ஏன் இட்லியத் திணிக்கிறீங்க? பசிச்சாத் தின்னுங்க, தாகமெடுத்தாக் குடிங்க. இம்புட்டுத்தான் வைத்தியம்."

இதைச் சொல்ல ஒரு ஆள், அதற்கு ஒரு போர்டு!

கொட்டாம்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், ஸ்கேன், எக்ஸ்ரே என்று ஒரு பை நிறைய நீட்டியது. டாக்டர்களை வைதுகொண்டே வாங்கி மேசையில் போட்டு, அதன்மேல் தன் டிபன் கேரியரை வைத்தார்.

என் வீட்டம்மாவுக்கோ அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. அவர் பேச்சைக் கேட்டு எனக்குக் காலைக் காப்பியையே நிறுத்திவிட்டாள். இதற்கெல்லாம் மன்னிப்பே கிடையாது.

போன மாசியில் ஒரு காலை, அவளுக்குத் தாடையும் இடது தோளும் வலித்து, வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"வாயுப் பிடிப்புத்தான். ஊசிக்காரத் தம்பிகிட்டப் போனாச் சரியாயிரும்" என்று கிளம்பிவிட்டாள். திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

ஊசிக்காரர் நாடியில் விரலை வைத்தார். ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"அக்கா, எங்க வலிக்குது? எப்ப இருந்து?"

யாரிடமும் எதுவும் கேட்காத மனுசன் கேட்டதும், வாசலில் ஆட்டோ ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஊசியப் போடுங்க."

"இது என் ஊசிக்கு ஆகாதுக்கா. எந்திரிங்க! அண்ணே, ஆட்டோவக் கூப்பிடுங்க!"

செருப்புக்கூடப் போடாமல் எங்களோடு ஏறிக்கொண்டார். எந்த டாக்டர்களை நாள் முழுக்க வைதாரோ, ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்களில் ஒருவரிடம் போய், "அய்யா, மொதல்ல இவுகளப் பாருங்கய்யா" என்று கை கூப்பினார். மாரடைப்பு. உடனே உள்ளே கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள்.

அப்புறம் அந்த டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி ஆள்கிட்டப் போய் ஏன் சார் நேரத்த வீணாக்குனீங்க?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "நான் கூப்பிட்டு அவ வரல சார். அவரு சொல்லித்தான் வந்தா!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

இப்போது தினமும் ஒன்பது மணிக்கு வந்து, "மாத்திரை போட்டாச்சாக்கா?" என்று அதட்டிவிட்டுப் போகிறார். இன்றைக்கும் அவரைத் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் ஒன்பதேகாலாகியும் ஆளைக் காணோம் என்றால், முதலில் தெருவில் இறங்கி நிற்பதும் நான்தான்.