முகம் கேட்ட போனும் விரல் கேட்ட போனும்

பூண்டுலோயாவுக்கு மேல இருக்கிற எங்க கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துல, காலைப் பெரட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவு பதியுறது நாகரிகமில்லைன்னு நிர்வாகம் கண்டுபிடிச்சது. இனிமே யார் வேலைக்கு வந்தாங்கன்னு போன்தான் சொல்லும். எந்தப் போன் என்பதே மேற்படி விடயத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரச்சினை.

மலையில எங்கள வேலை வாங்குற கண்டாக்கு ஐயா ஜீவராஜ் ஐபோன் கட்சி. கிளாக்கர் துஷாந்த் அன்ட்ரொயிட் கட்சி. நிர்வாகம் செய்விச்ச ஆப், ஐபோன்ல முகத்தைக் கேக்கும், அன்ட்ரொயிட்டுல விரலைக் கேக்கும். டவுன்ல போன் கடை வச்சிருக்கிற ராசிக் நானாகிட்ட தீர்ப்புக் கேட்டாங்க. ரெண்டையும் விக்கிற மனுசன் வேற என்ன சொல்வாரு? ரெண்டையும் வாங்கச் சொன்னாரு, வாங்கினாங்க. நாங்களும் சும்மா இருக்கல. குடியிருக்கிற லயத்துலயும் மேல் லயம் ஐபோன், கீழ் லயம் அன்ட்ரொயிட்டுன்னு பிரிஞ்சு, பீலியில தண்ணி பிடிக்கிற இடத்துல கூட பேச்சு நின்னு போச்சு. எங்கள்ல பாதிப் பேருகிட்ட இருந்தது பட்டன் போன்.

நாகலெட்சுமி அக்கா மட்டும் எந்தக் கட்சியிலயும் இல்ல. அவங்களுக்கு வேண்டியது வீடு. தோட்டத்துல புதுசா கட்டின வீட்டுச் சாவி, நாள் தவறாம வேலைக்கு வர்றவங்களுக்குத்தான்னு தொரை சொல்லியிருந்தாரு. மழை பேஞ்சா அக்காவோட லயத்துக் காம்பராவுல சட்டி பானை பூரா ஒழுக்குக்குக் கீழதான் நிக்கும். காய்ச்சலோட கொழுந்து பறிக்க மலைக்குப் போற ஆளு அவங்க. சாவி வேற யாருக்கும் போகாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பதிவுக்குக் கூப்பிட்ட அன்னிக்கு, போட்டோன்னு நெனச்சு, கையில எலுமிச்சங்காய் தேச்சுக் கழுவி, தேர்த் திருவிழாவுக்குப் போற மாதிரி பவுடரும் பூவுமா போனோம். மறுநாள் பனியில முக்காடும் கம்பளியுமா நின்ன எங்கள அந்த ஆப்புக்கு அடையாளம் தெரியல. சரின்னு அக்கா விரலை வச்சாங்க. கொழுந்துக் கறை ஏறின விரல். இப்படியொரு ஆள் இல்லைன்னு சொல்லிருச்சு. ரேகை பளிச்சுன்னு விழுந்தது கண்டாக்கு ஐயாவுக்கும் கிளாக்கருக்கும்தான்.

வரவு விழலைன்னு நாங்க திரும்பிட்டோம், அக்கா மட்டும் அன்னிக்கும் கூடை நிறையக் கொழுந்து எடுத்துத் தராசுல வச்சாங்க. அதுதான் வினையாப் போச்சு. வேலைக்குச் சமூகமளிக்காத ஒருவர் தோட்டத்துக் கொழுந்தைப் பறித்த குற்றத்துக்காக அவங்கள ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க.

"நீங்கதானேங்க ஐயா பக்கத்துல நின்னு பாத்தீங்க"ன்னாங்க அக்கா.

"நான் பார்த்தேன்மா. போன் பார்க்கலையே"ன்னாரு கண்டாக்கு.

"அப்ப நான் என்னங்க செய்யணும்?"

கிளாக்கர்தான் இரக்கப்பட்டாரு. "கொஞ்ச நாளைக்கு வேலை செய்யாதீங்க அக்கா. அப்பதான் வேலைக்கு வந்ததா விழும்."

அக்காவுக்கு அழுகையே வந்துருச்சு. ஆனாலும் வீட்டுக்காக அதையும் செஞ்சாங்க. காலையில பவுடர் போட்டு வந்து முகத்தைக் காட்டி, விரலை வச்சிட்டு, லயத்துக்குத் திரும்பிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. கறை போனதும் ரெண்டு போனும் அவங்கள ஏத்துக்கிச்சு. அட, இது நல்லாருக்கேன்னு நாங்களும் பின்னாலயே போனோம். தோட்ட வரலாற்றில் முதன்முறையாக அனைவரும் தவறாமல் கடமைக்குச் சமூகமளித்தனர். கொழுந்து முத்தி மலை காடாச்சு, பெக்டரியில மெசின் நின்னுச்சு. முழு வரவுக்காக நிர்வாகம் எங்களுக்குப் பாராட்டு விழா வச்சது.

எல்லாருக்கும் ஒரே வரவு இருப்பதால் ஒருவருக்கு மட்டும் வீடு கொடுப்பது அநீதின்னு அந்த விழாவுல தீர்மானமாச்சு. மழைக்காலத்துல போன் ரெண்டும் நனையவும் கூடாது. ஆகையால் வீடு போனுக்குப் போச்சு, ஆளுக்கொரு அறை.

சாவி நாகலெட்சுமி அக்காவுக்குத்தான் கெடைச்சது. தொரையே கையில கொடுத்தாரு, நாங்க கை தட்டினோம். தினம் விடிய அவங்க கதவைத் தொறந்து, ரெண்டு போனையும் தொடைச்சு வெளிய எடுக்கணும். பெரட்டு முடிஞ்சதும் உள்ள வச்சுப் பூட்டிட்டுத் தன்னோட காம்பராவுக்குப் போகணும்.

"வீடு எப்படிக்கா இருக்கு?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு சொட்டு ஒழுகலைப்பா"ன்னாங்க.

அதுக்கு மேல கேக்க எனக்கு நேரமில்ல. பெரிய அறை ஐபோனுக்கா அன்ட்ரொயிட்டுக்கான்னு நாங்க வெளிய மழையில நனைஞ்சுக்கிட்டே சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்.