பூங்காவுக்குப் போட்ட பூமி பூஜை

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். ஒரு புங்கங்கன்னு நடணும்.

தொண்ணூறுகளோட கடைசி அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியாக ஆக, திருவண்ணாமலையைச் சுத்தி மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, விளைஞ்ச கொல்லையெல்லாம் வீட்டு மனையாயிட்டு இருந்துச்சு. நாங்க இருக்கற நகரும் அப்படி வந்ததுதான். நான் வீடு கட்டின வரைக்கும் அது வளர்ச்சி. எனக்கப்புறம் எவன் கட்டினாலும் அது அநியாயம். இந்த விஷயத்துல நான் ரொம்பத் தெளிவு.

எங்க நகருக்கு நடுவுல ஒரு காலி இடம். மனை வித்த தணிகாசலம், வரைபடத்துல அந்த இடத்துக்குப் பச்சை அடிச்சு, "இது பார்க்கு சார், ஆயுசுக்கும் காத்து வரும்"னு சொல்லித்தான் எங்க தலையில கட்டினாரு. பார்க்கு வரல. ஆனா பசங்க விளையாட அது ஒண்ணுதான் இருந்துச்சு. தீபத்தன்னைக்கு மலைமேல ஜோதி ஏத்தறத மறைப்பு இல்லாம பாக்கறதும் அங்க நின்னுதான்.

இப்ப அந்தப் பச்சையிலயும் கல்லு நட்டு விக்கப் போறாருன்னு பேச்சு அடிபட்டுச்சு.

நானும் எதிர்வீட்டு குப்புசாமியும் வேலி போட்டுத் தாங்கன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல மனு மேல மனு குடுத்தோம். அவரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். நான் டைப்ரைட்டிங் சென்டர் வெச்சிருந்தேன். மனு அடிக்கறது நானு, சத்தம் போடறது அவரு. ஒண்ணும் நடக்கல. சரி, மரமாவது வெச்சா பார்க்கு மாதிரி தெரியுமேன்னு ஒரு யோசனை வந்துச்சு.

என் யோசனைதான். அதான் இவ்ளோ தூரம் வந்துச்சு.

"சும்மா நட்டா கன்னு பிடிக்காது. நல்ல நாள் பாத்து, ஒரு தேங்கா ஒடைச்சு நடுங்க"ன்னா என் பொண்டாட்டி சாந்தி. காலண்டரப் பாத்து அவளே வியாழக்கிழமைன்னு குறிச்சுக் குடுத்தா. அந்தத் தாள்ல நல்ல நேரத்துக்குக் கீழ 'வாஸ்து நாள்'னு பொடி எழுத்துல போட்டிருந்தத அவளும் பாக்கல, நானும் பாக்கல. வருஷத்துல அபூர்வமா வர்ற நாள். வீடு கட்டறவங்க எல்லாம் காத்துக் கெடந்து பூமி பூஜை போடற நாள்.

குப்புசாமி அன்னைக்குப் பாத்து கீழ்பென்னாத்தூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தாரு. நான் தனியா கடப்பாரை, தேங்கா, எலுமிச்சம்பழம், கற்பூரத்தோட கெளம்பினேன். தெருக்கொழா பக்கத்துல நட்டா தண்ணி ஊத்த சுலபம்னு அந்த மூலையில தோண்ட ஆரம்பிச்சேன். கன்னு கொழாவுக்குப் பின்னாடி பக்கெட்டுல இருந்துச்சு.

தேங்கா ஒடைச்சு கற்பூரம் ஏத்தறேன், டிவிஎஸ் ஃபிஃப்டி ஒண்ணு வந்து நின்னுச்சு. ஏழுமலை மேஸ்திரி. எங்க வீட்டைக் கட்டினவரு.

"ஈசான மூலையா பாத்துப் போட்டிருக்கீங்களே, யாரு சார் சொன்னது?"

"கொழா பக்கத்துல இருக்குன்னு போட்டேன் மேஸ்திரி. கன்னு நடறேன்."

அவரு கண்ண சிமிட்டினாரு. "எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சார் சொல்றாங்க. ஊர்க் கண்ணு பட்டுடும்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லிட்டு கடப்பாரையை என் கையிலேருந்து வாங்கினாரு. நல்ல மனுஷன், குழிய நாலு பக்கமும் சதுரமா வெட்டிக் குடுத்தாரு. எதுக்குக் கன்னுக்கு இவ்ளோ பெரிய குழின்னு நான் கேட்டிருக்கணும். ஆனா எனக்கு அப்பவே இடுப்பு விட்டுப் போச்சு. வேலை செய்யறவர எதுக்குத் தடுக்கணும்னு எலுமிச்சம்பழத்த நறுக்கிட்டு நின்னேன்.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு இல்ல? நடறதுக்கு முன்னாடி ஒரு காபி குடிச்சுட்டு நான் திரும்பி வந்தா, ஒரு டிராக்டர் குழிக்குப் பக்கத்துல மணலக் கொட்டிட்டுக் கெளம்பிட்டு இருந்துச்சு. டிரைவர் கத்திட்டே போனான். "மேஸ்திரி அனுப்பினாரு. காசு மெதுவா குடுத்தா போதும்னாரு."

அடுத்து, புதுசா வேலைக்கு வந்த ஒரு வாத்தியாரும் அவரு சம்சாரமும் வந்தாங்க. அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சு.

"சார், மாடி போர்ஷன் எங்களுக்குக் குடுங்க சார். எங்க பாத்தாலும் பௌர்ணமிக்கு ரூம் விட்டாதான் லாபம்னு மாச வாடகைக்கு வீடே தர மாட்டேங்கறாங்க."

"ஐயோ, இது வீடு இல்லைங்க. பார்க்குங்க."

ரெண்டு பேரும் மணலப் பாத்தாங்க. குழியப் பாத்தாங்க. "குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லலாம் சார்"னுட்டு அந்தப் பொண்ணு திரும்பி நடந்துச்சு. எனக்கு நெஜமாவே கஷ்டமா போச்சு. காலி இடம் வேணும்னு நான் அடிச்ச மனுவுல, குடியிருக்க எடம் இல்லாதவங்களப் பத்தி ஒரு வரி கெடையாது.

அதுக்கு மேல யோசிக்க விடல, தணிகாசலம் வந்துட்டாரு. கோவமா வருவாருன்னு பாத்தா, முகமெல்லாம் சிரிப்பு. வந்து தோள்மேல கை போட்டாரு.

"என்ன சார் நீங்க, உங்களுக்கும் ஆசை இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு மனு, அலைச்சல் எல்லாம்? அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் உங்களுக்கு. முடிஞ்சுது."

"நான் கன்னு நட வந்தேங்க."

"நடுங்க சார். வீட்டு முன்னாடி ஒரு மரம் இருந்தா அழகுதானே."

அந்த நேரம் பாத்துதான் குப்புசாமி பஸ்ஸ விட்டு எறங்கி பையோட வந்தாரு. சதுரக் குழி, தேங்கா, எலுமிச்சம்பழம், மணல், என் தோள்ல தணிகாசலத்தோட கை. எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாரு. பஸ்ல டிக்கெட் எடுக்காம மாட்டினவனப் பாக்கற பார்வை.

"நல்லா இருங்க"ன்னாரு. போயிட்டாரு.

பின்னாடியே ஓடிப் போய்க் கதவத் தட்டினேன். தெறக்கல. அவரு கொல்லப்பக்கமா எறங்கி ஆபீசுக்குப் போயிட்டாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கலவரத்துல கன்ன நடறதே எனக்கு மறந்து போச்சு.

மறுநாள் காலையில ஜீப் வந்து நின்னுச்சு. எவ்ளோ மனு போட்டும் எட்டிப் பாக்காத ஆபீசரு எறங்கினாரு.

"பொது எடத்த ஆக்கிரமிச்சு அஸ்திவாரம் தோண்டினது யாருய்யா?"

நகரே ஒத்துமையா என்னக் காட்டுச்சு. எங்க நகர்ல அவ்ளோ ஒத்துமைய அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

"சார், அது கன்னு நட எடுத்த குழி. இருங்க, காட்டறேன்"னு கொழாகிட்ட ஓடினேன். ராத்திரி ஏதோ ஆடு வந்து மேஞ்சிருக்கு. பக்கெட்டுல ஒரு குச்சிதான் நின்னுச்சு.

ஆபீசரு குச்சியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "படிச்சவரா இருக்கீங்க"ன்னாரு, ரொம்ப வருத்தமா.

பொழுது சாயறதுக்குள்ள கல்தூண் நட்டு முள்கம்பி வேலி போட்டாங்க. பசங்க போய்வர வழி விட்டு, வாசல்ல போர்டும் வெச்சாங்க: 'இது பூங்கா இடம். ஆக்கிரமிப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' தணிகாசலம் தூரத்துல நின்னு பாத்துட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டாரு. போற அவசரத்துல எனக்கு ஒரு ஆறுதல் கூட சொல்லல.

சாந்திதான் காலண்டர் தாளக் கிழிச்சு எடுத்து, என்னையும் கூட்டிட்டுப் போய் குப்புசாமிகிட்ட காட்டினா. "கன்னு நடத்தான் நாள் குறிச்சேண்ணே, அது வாஸ்து நாளா போச்சு"ன்னா. பொடி எழுத்தப் படிச்சுட்டு மனுஷன் தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டாரு.

"தப்பா நெனச்சுட்டேன் தம்பி. மன்னிச்சுடு."

"பரவால்லண்ணே. நாளைக்குப் போய் புகார வாபஸ் வாங்கிடுங்க."

அவரு தாள மடிச்சு என் கையில குடுத்தாரு. "வாங்கிடலாம். ஆனா ஆக்கிரமிப்பே இல்லன்னு சொன்னா, அப்புறம் வேலி எதுக்குன்னு கேட்டுப் புடுங்கிட்டுப் போயிட்டா?"

ரெண்டு பேரும் ஜன்னல் வழியா வேலியப் பாத்தோம். புத்தம் புதுக் கம்பி. உள்ள பசங்க மேஸ்திரியோட மணல்ல குதிச்சுட்டு இருந்தாங்க.

புகார் அப்படியே இருக்கு.

வருஷம் ஓடிப் போச்சு. போன வாரம் புதுசா குடி வந்த ஒருத்தர், "இவ்ளோ வீட்டுக்கு நடுவுல இந்த எடத்த எப்படிங்க விட்டு வெச்சாங்க?"ன்னு குப்புசாமிய ஆச்சரியமா கேட்டாரு. பக்கத்துல என்ன வெச்சுக்கிட்டே அவரு சொன்னாரு. "இதோ, இவரு அமுக்கப் பாத்தாருங்க. நாங்கதான் காப்பாத்தினோம்."

நானும் ஆமான்னு தலையாட்டினேன். ஊருக்கு ஒரு பார்க்கு வேணும்னா, யாராவது ஒருத்தர் திருடனா இருந்துதான் ஆகணும்.