அக்காவின் படங்கள் தீர்ந்துபோன விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த பெரியண்ணா அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், மனைவி, என் இடுப்பு வலி மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அண்ணியும் தங்கள் சர்க்கரையும் ஓர் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'நிற்க' என்று எழுத வேண்டிய இடம் இது. ஒரு வாரமாக நின்றே கால் வீங்கிப் போயிருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா காலமான பிறகு தாங்கள் போனில், "காலி பண்ற வீட்டுல அந்தப் படத்தையெல்லாம் வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற, குப்பை வண்டிக்காரன்கிட்ட குடுத்துத் தொலை" என்று உத்தரவிட்டீர்கள். மூத்தவர் பேச்சை நான் இதுவரை தட்டியதில்லை. இப்போது தட்டிவிட்டேன். தட்டிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அக்காவின் படங்களை இத்தனை காலம் தன் சுவரில் மாட்டி வைத்திருந்தாரே கேலரி அம்மா, அவர்தான் அக்காவின் வீட்டுக்கு வந்து எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "வித்தது வித்துப் போச்சு சார். மிச்சத்தை விக்க வேண்டாம். ஒரு நாள் எல்லாத்தையும் மாட்டுவோம். அவங்களைத் தெரிஞ்சவங்க வரட்டும். வேணுங்கிற படத்து முன்னாடி நின்னு, ஏன் வேணும்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

"யாரும் வரலைன்னா?"

"நீங்களும் நானும் ஆளுக்குப் பாதி தூக்கிட்டுப் போவோம்."

அக்கா என்ன வரைவாள் என்று தங்களுக்குத் தெரியும். மான், மயில், சூரியோதயம் எதுவும் கிடையாது. பல் டாக்டரின் நாற்காலி, தையல் கடை, சலவைக் கடை, சொட்டும் குழாய். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வரைந்தவளுக்கு ஆள் எங்கிருந்து வரப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் அவள் வரைந்த கடைக்கெல்லாம் படியேறி, கல்யாணத்துக்கு அழைப்பது போல அழைத்துவிட்டு வந்தேன்.

கேலரி இருப்பது மாடியில். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டையே அக்கா ஒரு கதவு அகலத்துக்கு, அதைவிட உயரமாக வரைந்து வைத்திருந்தாள். லிஃப்டில் அது நுழையவில்லை. நானும், படம் மாட்ட வந்த தச்சரும் படி வழியாகத் தூக்கினோம். திரும்பும் இடத்தில் படிக்கட்டுப் படம் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மேலே இருந்தவர்கள் இறங்க முடியவில்லை, கீழே இருந்தவர்கள் ஏற முடியவில்லை. நடுவில், அதே கட்டடத்துப் பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவர் வாய் மரத்துப் போன நிலையில் என்னை என்னவோ திட்டினார், நல்லவேளையாக ஒரு எழுத்தும் புரியவில்லை. தச்சர் கைப்பிடியைக் கழற்றி முடிக்கும்வரை அத்தனை பேரும் வேறு வழியில்லாமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் சண்டைச் சத்தம் அடங்கியது. "இது நம்ம படிதானே? இந்த உடைஞ்ச மூலையில தினமும் தடுக்குறேன், இவ்வளவு அழகா இருக்கும்னு பார்த்ததே இல்லையே" என்று ஒரு பெண்மணி சொன்னார். கழற்றிய கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு தச்சரும் பார்த்தார்.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது, அண்ணா. கடைகளை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். கலைச் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "ஓவியம் என்றால் என்ன?" என்று ஆரம்பித்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது. அது ஜன்னல் இல்லாத கூடம். தலைவர் விடவில்லை, ஓவியம் என்றால் என்ன என்று இருட்டிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். ஜனங்கள் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நகர ஆரம்பித்தார்கள். அங்கங்கே ஒரு வட்டம் வெளிச்சம், அதற்குள் அக்காவின் ஒரு மூலை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கரண்ட் வந்தபோது தலைவர் நன்றியுரை வரை வந்திருந்தார்.

யார் முதலில் கேட்பது என்று எல்லோரும் தயங்கி நின்றபோது என் மனைவி முன்னால் போனாள். தங்களுக்கே தெரியும், நாத்தனார் என்றால் அவளுக்கு ஆகாது. வீட்டில் ஒரு படம் மாட்ட ஆணி அடிக்க விட்டதில்லை. அவள் போய் நின்றது எங்கள் சமையலறைத் தொட்டிப் படத்தின் முன்னால். "இது நான் தேய்ச்சுக் கவுத்த டம்ளர். இத்தனை வருஷமா யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன். இவங்க பார்த்திருக்காங்க" என்றாள். கேலரி அம்மா படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். நான் ஆணி வாங்கத் தயாராகிவிட்டேன்.

பிறகு தடுப்பார் இல்லை. தையல்காரரும் சலவைக்கார அம்மாவும் ஒரே ஸ்டூல் படத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். "என் கடை ஸ்டூல்" என்று அவர். "உக்கார்றது நான்" என்று அந்த அம்மா. கடைசியில் மழைக்காலம் முழுக்க அவர் கடையில், வெயில் காலம் முழுக்க அந்த அம்மா கடையில் என்று ராஜியானார்கள். படிக்கட்டுப் படத்தைக் கட்டடத்துக்காரர்களே கேட்டு, மாட்டிக்கொண்ட அதே திருப்பத்தில் மாட்டிவிட்டார்கள். இப்போது தடுக்கி விழுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே விழுகிறார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் படங்கள் உட்கார்ந்து வந்தன, ஆட்கள் நின்று வந்தோம். கண்டக்டர் படங்களில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி டிக்கெட் கிழித்தார். எந்தக் கடைக்குப் போனாலும் இன்று அக்கா சுவரில் இருக்கிறாள். ராஜா மாதிரி தெருவில் நடக்கிறேன், அண்ணா. ஒன்றுகூட மிச்சமில்லை. தங்களுக்கென்று ஒன்றும் வைக்கவில்லை, தாங்களும் கேட்கவில்லை. இத்துடன் அக்காவின் படங்கள் விஷயம் சுத்தமாக முடிந்தது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, அவ்வப்போது போனும் செய்ய ஆசிகள்.

தங்கள் சொல்லைத் தட்டிய,
தம்பி

பி.கு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பழைய சாமான் கடைக்காரர் வந்து நிற்கிறார். அக்காவின் மர அலமாரியை அவருக்குத்தான் கொடுத்தேன். பின்பலகையைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கட்டுக்கட்டாகப் படங்கள் சரிந்தனவாம். ஆகவே மேலே 'முடிந்தது' என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். போய்ப் பார்த்தேன். அத்தனையிலும் ஒரே ஆள்தான், தாங்கள். கறுத்த மீசையில் ஆரம்பித்து வெளுத்த மீசை வரை இருக்கிறீர்கள், பெரும்பாலும் தூங்குகிறீர்கள். தாங்கள் இந்தப் பக்கம் வந்தே பல வருடம் ஆகிறது. வழுக்கை எதுவரை ஏறியிருக்கும் என்று அவளாகவே யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறாள், வீடியோ காலில் நான் பார்த்தவரை சரியாகவும் இருக்கிறது. இவற்றை வேறு யாருக்கும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. புறப்பட்டு வாருங்கள். பெரிய பெட்டியாக எடுத்து வாருங்கள்.